சுத்தமான உறையூர்ப் பேச்சு

கடைக்காரர்கள் நயா பைசாவை வாங்கிக்கொண்டு இன்னும் அணாக் கணக்கிலேயே பேசிக்கொண்டிருந்த காலம். கைக்குழந்தை வள்ளிக்கண்ணு முதன்முதலாக "ம்மா" என்றாள். அவளைப் பெற்ற பாவாயி பூரித்துப் போனாள். பாவாயியின் கணவர் தர்மராஜுக்கோ கவலை பிடித்துக்கொண்டது. இன்றைக்கு "ம்மா" என்ற வாய் நாளைக்கு "ஏனுங்ம்மா" என்று சொல்லாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

தர்மராஜ் திருச்சி உறையூரில் பிறந்து வளர்ந்தவர். ரயில்வே ஆபீசில் குமாஸ்தா; குடியிருப்பது அதே திருச்சியில், எடமலைப்பட்டி புதூரில். இழுக்காமல் நீட்டாமல் பேசத் தெரிந்தவர்கள் திருச்சிக்காரர்கள் மட்டும்தான், மற்ற ஊர்க்காரர்களெல்லாம் ராகம் போடுகிறார்கள் என்பது அவருடைய அசைக்க முடியாத கட்சி. விதியைப் பாருங்கள், அவருக்கு வாய்த்த மனைவி கொங்குநாட்டுச் சென்னிமலைக்காரி. பாவாயி "ஏனுங்க" என்று ஆரம்பித்து முடிப்பதற்குள் டவுன் பஸ் கிளம்பிப் போய்விடும் என்று ஆபீசில் சொல்லிச் சிரிப்பார்.

போதாக்குறைக்கு அக்காள் பவுனம்மாள் வேறு. உறையூரிலிருந்து குழந்தையைப் பார்க்க வந்தவள், "உன் மக எந்த ஊர்ப் பேச்சுப் பேசப்போறான்னு நானும் பாக்கத்தானே போறேன்" என்று ஒரு போடு போட்டுவிட்டுப் போனாள். அக்காள் சிரித்தால் உறையூரே சேர்ந்து சிரிக்கும். தர்மராஜுக்கு அதைவிட மானக்கேடு கிடையாது. அன்று சாயங்காலமே முடிவெடுத்துவிட்டார்.

"பாவாயி, இனிமே குழந்தைகிட்ட நீ பேசக்கூடாது."

"ஏனுங்?"

"இதோ, இதுக்குத்தான்!"

"பேசாம எப்படிங் சோறூட்டறது?"

"நான் ஊட்டறேன்."

"தண்ணி வாக்கறப்போ அழுவுமுங்களே?"

"நானே குளிப்பாட்டறேன்."

"தூங்க வைக்கோணுமுங்களே?"

"நானே தோள்ல போட்டுக்கிட்டு நடக்கறேன். நீ வாயைத் திறக்காம இருந்தா போதும்."

பாவாயி தலையைக் குனிந்துகொண்டு குழந்தையின் சட்டையை நீவிவிட்டாள். அழுகிறாளோ என்று அவருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. கடைசியில், "நீங்க சொன்னா சரிங்க" என்றாள். இப்படி ஓர் உத்தமி யாருக்குக் கிடைப்பாள் என்று நெகிழ்ந்துபோனார் மனுஷர்.

அதற்குப் பிறகு அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆபீஸ் விட்டு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் குழந்தை கைக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டு ஜெகபர் அலி சீட்டாட்டத்துக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்து, கூப்பிடுவதையே விட்டுவிட்டார். பாவாயியோ எடமலைப்பட்டி புதூர்ப் பெண்களோடு குழாயடியில் ஆற அமரப் பேசினாள். அவர்களோடு மாட்டினி போனாள். தையல் கற்றுக்கொண்டாள். வரவர அவள் முகத்தில் களை கூடிவிட்டது.

தர்மராஜ் சளைக்கவில்லை. "என்ற தங்கமில்ல, அக்கட்ட போவாம இக்கட்ட வா கண்ணு, ஒரே ஒரு வாய்" என்று கிண்ணத்தோடு துரத்துவார். வள்ளிக்கண்ணு வளர்ந்து, அதையே மழலையில் திருப்பிச் சொன்னபோது, "கேட்டியா, கணீர்னு சுத்தமான உறையூர்ப் பேச்சு!" என்று மனைவியைப் பெருமையோடு பார்த்தார். "ஆமாங்க" என்றாள் அவள்.

வைகுண்ட ஏகாதசி வந்தது. மகளின் பேச்சை அக்காள் முன்னிலையில் அரங்கேற்ற இதைவிட நல்ல நாள் ஏது? பவுனம்மாளையும் கூட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஸ்ரீரங்கம் போனார். உத்தர வீதியில் எள் போட்டால் விழாத கூட்டம். வரிசை நகரவேயில்லை. அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த வள்ளிக்கண்ணு குரலை உயர்த்தினாள்.

"ஏனுங்ப்பா, அல்லாரும் இடிக்கறாங்! அக்கட்டால போலாமுங்!"

பவுனம்மாள் புருவத்தைத் தூக்கினாள். "ஏன்டா, இதுதான் உறையூர்ப் பேச்சா?"

வீட்டில் தேனாக இருந்த பேச்சு, அக்காள் பக்கத்தில் நிற்கும்போது வேறு மாதிரி கேட்டது. தர்மராஜுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மனைவி பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தெரியாம குழந்தைகிட்டப் பேசியிருக்கே!"

"சத்தியமா ஒரு வார்த்தைகூடப் பேசலைங்க. நீங்கதான் வேணாம்னுட்டீங்களே" என்றாள் பாவாயி.

"பொய் நாயம் பேசாதே! அல்லாரும் பாக்கறாங்க. என்ற மானமே போச்சு!"

முன்னால் நின்றிருந்த தலைப்பாகைக்காரர் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார். "ஏனுங்க, நீங்க காங்கயத்துப் பக்கமுங்களா?"

"நான் உறையூர்."

"பொழைக்க வந்தீங்களாக்கு?"

"பொறந்ததே உறையூருங்!"

அந்த 'ங்' எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. தலைப்பாகைக்காரர் அன்போடு அவர் முதுகில் தட்டினார். "சொந்த ஊரச் சொல்றதுக்கு என்னத்துக்குங் கூச்சம்? அம்மணி வேண்ணாத் திருச்சிங்க. பேச்சுலயே தெரியுது."

பவுனம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "கல்யாணமான மறுவருஷத்திலேருந்து நீ இப்படித்தான்டா பேசறே. உனக்கு மட்டும்தான் தெரியாது."

தர்மராஜ் ஈனஸ்வரத்தில் மனைவியைக் கேட்டார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்குமாங்க? கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. எங்க வீட்டு ஞாபகம் வரும்."

அதற்குமேல் அவளைக் கோபித்துக்கொள்ளவும் அவருக்கு மனசு வரவில்லை. பெருமாளைச் சேவித்தபோது ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. எந்தப் பேச்சு வாயில் வருமோ என்று பயமாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் சரணடைந்தார். சரணடைவதிலும் ஒரு லாபம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. சாயங்காலம், ஜெகபர் அலி வீடு, சீட்டுக்கட்டு!

"சரி பாவாயி, நான் தோத்துட்டேன். உனக்குத்தான் திருச்சிப் பேச்சு வந்தாச்சே. இனிமே குழந்தைகிட்ட நீயே பேசு. நான் வாயே திறக்கமாட்டேன்."

பவுனம்மாள் அதுதான் சரி என்று தலையாட்டினாள். பாவாயி அடக்கமாகச் சொன்னாள்:

"அப்படியே செய்யலாங்க. குளிப்பாட்டறது, சோறூட்டறது எல்லாம் நீங்க வாயைத் திறக்காமச் செய்யுங்க. நான் பக்கத்துல உக்காந்து பேசிக்கிறேன்."