மாரியம்மனுக்கு மூச்சு முட்டிய கதை

எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்கு நடுரோட்டில் மூச்சு முட்ட வைத்தவன் நான்தான். இத்தனை வருடமாக இதை ஊரே சொல்லிச் சிரித்துவிட்டது. கல்யாண வீட்டில் சொல்கிறார்கள், கருமாதி வீட்டில் சொல்கிறார்கள். போன மாதம் பிரிஞ்சாங் சந்தையில் முன்பின் தெரியாத ஒருவர் என்னிடமே சொன்னார் (அதுவும் தப்புத் தப்பாக; அம்மன் ரதத்திலிருந்து கீழே விழுந்துவிட்டதாம்). அதனால் சம்பந்தப்பட்டவன் வாயாலேயே ஒருமுறை வந்துவிடட்டும்.

அப்போது எனக்கு முப்பது வயது. கியா பார்ம் பக்கத்து மலைத் தோட்டங்களில் கோஸும் தக்காளியும் ஏற்றி பிரிஞ்சாங்கில் இறக்குவது தொழில். என் லோரி, ராணுவம் கழித்துவிட்ட வண்டி. ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து நான் வாங்கினேன். பச்சைப் பெயின்டைக்கூட மாற்றவில்லை. அதில் ஏறி உட்கார்ந்தால் நானே ஒரு மேஜர் என்ற நினைப்பு. ராணுவமே ஒரு பொருளைக் கழித்துவிடுகிறது என்றால் அதற்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று அந்த வயதில் தோன்றவில்லை.

காரணம் முதல் மேட்டிலேயே தெரிந்தது. சமதரையில் யானை மாதிரிப் போகும். மேடு வந்தால் கறுப்புப் புகையைத் தள்ளிக்கொண்டு நின்றுவிடும். எங்கள் ஊரில் சமதரை என்று பார்த்தால் ஆஸ்பத்திரி வாசலும் பள்ளிக்கூடத் திடலும்தான்.

தோட்டத்துத் திருவிழாவில் அந்த லோரிதான் அம்மனுக்கு ரதம். பின்னால் மேடை கட்டி, வாழை கட்டி, விளக்குச் சரம் போட்டு அம்மனை ஏற்றுவோம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லைன்களுக்கு ரதம் ஒவ்வொன்றாகப் போகும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும். வீட்டுக்காரர்கள் தட்டைக் கொடுத்துப் பெயரும் நட்சத்திரமும் சொல்ல, பூசாரி அர்ச்சனை செய்வார். மேல் லைனுக்கு மட்டும் போகாது. மேடு அப்படி. மேல் லைன்காரர்கள்தான் தட்டை எடுத்துக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கி வர வேண்டும்.

மேல் லைனின் கடைசி வீட்டில்தான் என் அக்கா இருந்தாள்.

பாக்கியம் அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டதும் அவள்தான், முதுகில் போட்டதும் அவள்தான். இருபது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். பறித்து வந்த கொழுந்தைப் பரப்பிவைத்து, அடியிலிருந்து பெரிய விசிறியால் காற்று விட்டு வாட்டும் பகுதி அவளுடையது. பிறகு இருதயம் பழுதாகிவிட்டது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். தானா ராத்தா ஆஸ்பத்திரி டாக்டர், மேடு பள்ளம் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார். மூன்று திருவிழா அவள் அம்மனைப் பார்க்கவில்லை.

"காடியில ஏத்திக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்க்கா, வா" என்றேன்.

"நான் போயி அவளப் பாக்குறது எப்பவும் உள்ளதுதான்டா தம்பி. ஒரு வாட்டி அவ நம்ம வாசலுக்கு வரட்டுமே லா. நானும் தட்டு ஏந்திக்கிட்டு வாசல்ல நிக்கணும்."

அவள் என்னிடம் கேட்ட ஒரே விஷயம் அதுதான். "இந்த வருசம் அம்மன் உன் வாசல்ல நிக்கும்க்கா, நான் பொறுப்பு" என்று நெஞ்சில் தட்டிக்கொண்டேன். மேஜர் அல்லவா!

அன்றிலிருந்து நான் ஆராய்ச்சியாளன். போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் இதே மாதிரி பழைய ராணுவ லோரியைப் பிரித்துப்போட்டு விளக்குகிறார். எஞ்சினுக்கு டீசல் மட்டும் போதாதாம், தாராளமாகக் காற்று வேண்டுமாம். என் லோரியைத் திறந்து பார்த்தால், காற்று போகும் ரப்பர் குழாய் பாதி நசுங்கி, மூன்று இடத்தில் மடங்கிக் கிடக்கிறது. அதற்கு முன்னால் அடியில் எண்ணெய் ஊற்றிவைக்கும் பழைய காலத்து ஏர் கிளீனர். அந்த எண்ணெய் களியாகிவிட்டிருந்தது. போதாததற்கு, உறிஞ்சுவதோ எஞ்சின் பக்கத்துச் சூடான காற்று.

எல்லாவற்றையும் கழற்றி எறிந்தேன். பெரிய பேப்பர் ஃபில்டர் ஒன்றைப் பெட்டி செய்து பொருத்தினேன். அதிலிருந்து கழிவுநீருக்குப் போடுகிற அகலமான பிளாஸ்டிக் குழாயை, மடிப்பே இல்லாமல் முன் மட்கார்டுக்கு மேலே கொண்டுவந்து, வாயை வெளியே நீட்டிவைத்தேன். குளிர்ந்த காற்று நேராக எஞ்சினுக்கு. குளிர்ந்த காற்றுக்கு எங்கள் ஊரில் என்ன பஞ்சம்?

கோஸ் மூட்டை நிறைய ஏற்றிக்கொண்டு மேல் லைன் மேட்டில் விட்டுப் பார்த்தேன். ஏறியது! இருமவில்லை, புகை தள்ளவில்லை. கடைசி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி ஹாரன் அடித்தேன். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். லோரியை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய் எனக்கு மைலோ கலக்கிக்கொண்டு வந்தாள். அந்த மாதிரி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

திருவிழா அன்று லோரியை ஜோடித்து முடித்தோம். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிதான் கோயில் செயலாளர். சுற்றி வந்து பார்த்தவர் குழாயின் முன்னால் நின்றார்.

"என்னா சேகரு இது? அம்மன் லோரியில கக்கூஸு பைப்பு?"

"அது காத்துக்குண்ணே."

"காத்துக்கோ என்னாத்துக்கோ, கண்ணுல படக்கூடாது. மூடு."

எனக்கு மானம் போய்விட்டது. புது மஞ்சள் துணி ஒன்றை எடுத்து, குழாயின் வாயைச் சுற்றி மூடி, அதன்மேல் செண்டுப்பூ மாலையையும் வேப்பிலையையும் கட்டினேன். பார்க்க அவ்வளவு லட்சணம். போனில் கூடப் படம் எடுத்துக்கொண்டேன். (அந்த வெள்ளைக்காரர், குழாய் வாயைத் துணியால் மூடாதே என்று எங்குமே சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அளவுக்கு ஒருவன் இருப்பான் என்று அவருக்குத் தெரியாது.)

மெல்லிய துணிதான். ஊர்ந்து போகிற வேகத்தில் எஞ்சினுக்குக் காற்று போய்க்கொண்டிருந்தது. கீழ் லைன் முழுவதும் சுற்றிவந்தோம். வாசலுக்கு வாசல் பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், சக்கரத்துக்கும் ஊற்றினார்கள், மட்கார்டுக்கும் ஊற்றினார்கள். மேல் லைன் மேட்டில் திருப்பியபோது மணி நாலு. அம்மன் முதன்முதலாக அந்த மேட்டில் ஏறுகிறது. மேளக்காரர்கள் உயிரைக் கொடுத்து அடித்தார்கள். நான் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தேன்.

முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது வளைவில் லோரி ஒரு தரம் விக்கியது. கறுப்புப் புகை கிளம்பி, பின்னால் வந்த மேளக்காரர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடினார்கள். எஞ்சின் நின்றுவிட்டது. சக்கரத்துக்கு ஆளாளுக்குக் கல் வைத்தார்கள்.

அங்கிருந்து பார்த்தால் அக்கா வீடு தெரியும். நடந்தால் ஐந்து நிமிடம். அவள் அரக்குப் பட்டுச்சேலையில் தட்டை ஏந்திக்கொண்டு நின்றிருந்தாள்.

நான் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினேன். டீசல் லைனைக் கழற்றினேன், மாட்டினேன். பம்ப்பைத் தட்டினேன். பேட்டரி வயரை இழுத்துப் பார்த்தேன். தெரிந்ததையெல்லாம் செய்துவிட்டுத் தெரியாததையும் செய்தேன். ஸ்டார்ட் ஆகும், புகையைக் கக்கும், நின்றுவிடும். குழாய்ப் பக்கம் மட்டும் போகவில்லை. மாலை கட்டியது கட்டியபடி அழகாக இருந்தது. தவிர, அது நான் செய்த வேலை. அதில் கோளாறு இருக்குமா?

பூசாரி கேட்டார்: "தம்பி, அம்மனத் தோளுல தூக்கிக்கிட்டுப் போயிறலாமா? இந்தா தெரியுது வீடு. நாலு பேரு போதும்."

நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தும் விட்டார்கள். மாமாவும் மேலேயிருந்து இறங்கி ஓடிவந்தார். மாமா என்றால் அக்கா கணவர். அவரும் "தூக்கிக்கலாம் மாப்ள" என்றார்.

"வேணாம் மாமா. லோரி ஏறும். அஞ்சே நிமிசம்" என்றேன்.

இந்த இடத்தை ஊரில் யாரும் சொல்வதில்லை. கதையில் இது வேடிக்கையாக இல்லை என்பதால் விட்டுவிடுகிறார்கள் போலிருக்கிறது. நான் விட முடியாது. அம்மன் அக்கா வாசலுக்குப் போக வேண்டும் என்பது மறந்துபோய், என் லோரி போக வேண்டும் என்று நான் நினைத்த இடம் இதுதான்.

அஞ்சு நிமிடம், அஞ்சு நிமிடம் என்று ஒரு மணி நேரம் போனது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. மலை மழை தெரியுமல்லவா, அது யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. மேடை சரிந்தது, விளக்குச் சரம் அணைந்தது. பாதையில் கால் ஊன்ற முடியாதபடி சேறு. இனித் தூக்கவும் வழியில்லை. அம்மன் மேல் தார்ப்பாயைப் போர்த்தி, லோரியைக் கயிறு கட்டிப் பின்பக்கமாகவே இறக்கிக் கோயிலுக்குக் கொண்டுபோனோம்.

அந்த ஒரு மணி நேரமும் அக்கா நின்றுகொண்டே இருந்தாளாம். மாமா திரும்பிப் போய் நாற்காலி போட்டும் உட்காரவில்லை. "ஆத்தா வர்றப்ப உக்காந்தா இருப்பாங்க?" என்றாளாம். இதை மாமா எனக்கு வெகுநாள் கழித்துத்தான் சொன்னார்.

அன்று அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மறுநாள் காலை போனேன். தட்டு அப்படியே மேசை மேல் இருந்தது. தேங்காய் உடைபடாமல், வெற்றிலை வாடிப்போய். நான் தலையைக் குனிந்துகொண்டு டீசல், பம்ப், பேட்டரி என்று விளக்கிக்கொண்டே போனேன். அக்கா கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா, பைப்பு வாயில ஏதோ மஞ்சத் துணி கட்டுனியாமே, மாமா சொன்னாரு. அது எங்க?"

"அங்கதான்க்கா இருக்கு."

"போயி பாத்தியா? எங்க பெக்டரியில ஒரு வாட்டி விசிறிக்குப் பக்கத்துல ஈரச் சாக்கு ஒண்ணக் காயப்போட்டுட்டாளுங்க. இழுத்து அப்பிக்கிச்சு. கொழுந்து பூரா வீணா போச்சு."

கோயிலுக்கு ஓடினேன். மாலையை விலக்கினால் வாயில் துணி இல்லை. குழாய்க்குள் கையை விட்டேன். முழங்கை வரை போனது. ஈரமாக ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தேன். மஞ்சள் துணி, வேப்பிலை, செண்டுப்பூ எல்லாம் ஒரே உருண்டையாக வந்தது. மஞ்சள் தண்ணீரில் நனைந்த துணியை மேட்டில் எஞ்சின் உள்ளே இழுத்துத் தன் தொண்டையைத் தானே அடைத்துக்கொண்டிருக்கிறது. எடுத்துப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினேன். முதல் தடவையே ஸ்டார்ட் ஆனது. நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன்.

துணியோடு அக்காவிடம் வந்தேன். பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். மூச்சு வாங்க, இருமல் வர, நான் பயந்துபோய் முதுகைத் தடவ, அதற்கும் சிரித்தாள்.

"ஆத்தாளுக்கே இந்த மேட்டுல மூச்சு முட்டிருச்சு. நான் எம்மாத்திரம்!" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி உடு. அடுத்த வருசம் துணி இல்லாம கூட்டிட்டு வா. நான் அர்ச்சனைய லோரி பேருக்கே குடுத்துர்றேன். பாவம், அதுக்குத்தான் கண்டம்" என்றாள்.

நாலு மாதத்தில் அக்கா போய்விட்டாள்.

அன்று காலையும் மழை. சவ வண்டி மேட்டில் ஏற முடியாமல் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் போய் லோரியை எடுத்தேன். குழாயின் வாயைத் திறந்து வைத்து மேட்டில் விட்டேன். முதல் வளைவு. இரண்டாவது வளைவு. ஒரு இருமல் கிடையாது, ஒரு பொட்டுப் புகை கிடையாது. அக்கா வாசலில் போய் நேராக நின்றது. இறங்கி அந்தக் குழாயை ஓங்கி உதைத்தேன். அது உடையக்கூட இல்லை.

இப்போது எங்கள் குடும்பத்தில் யார் காடியை எடுத்தாலும், மோட்டாரை எடுத்தாலும், "துணிய எடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புவார்கள். என் மகள் கார் லைசென்ஸ் எடுக்கப் போன அன்று அவளையும் கேட்டார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

துக்க வருடம் கழிந்ததிலிருந்து ரதம் முதலில் மேல் லைனுக்குத்தான் போகிறது. கிராணியே அப்படி மாற்றிவிட்டார். கடைசி வீட்டு வாசலில் மாமா தட்டோடு நிற்பார். அவர் அதிகம் பேசாத மனிதர். நேராக மட்கார்டு பக்கம் வந்து குழாயின் வாயில் உள்ளங்கையைக் காட்டுவார். காற்று இழுக்கிறது என்று தெரிந்த பிறகுதான் தட்டைக் கொடுப்பார்.

"யாரு பேருக்கு அர்ச்சனை?" என்று பூசாரி கேட்பார்.

"லோரி பேருக்கு" என்பார் மாமா.

கூட்டம் முழுக்கச் சிரிக்கும். இதற்காகவே கீழ் லைனிலிருந்து மேடேறி வருகிறவர்களும் உண்டு. சிரிப்பு அடங்குவதற்குள் பூசாரி குனிந்து, "நட்சத்திரம்?" என்று கேட்பார்.

மாமா மெல்லிய குரலில் அக்காவின் நட்சத்திரத்தைச் சொல்வார்.