நாளை நடந்த திறப்பு விழா

சனிக்கிழமை காலை, பால் பாக்கெட்டோடு சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை நடந்து முடிந்த விழாவின் செய்தியும் வாசலில் கிடந்தது. மடலக்கா செய்தியைப் பிரித்தாள். பால் பாக்கெட் கைநழுவி விழுந்து உடைந்தது. அதைக் குனிந்து பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

மாநகராட்சி மாதாமாதம் வீட்டுக்கு வீடு போடும் செய்திமடலைப் பதினோரு வருஷமாகத் தனி ஆளாக எழுதுகிறவள். அதனால்தான் ஆபீசில் அந்தப் பெயர். அச்சகத்துக்குப் புதன்கிழமையே மேட்டர் போயாக வேண்டும். விழாக்களோ ஞாயிற்றுக்கிழமைதான் நடக்கும். என்ன செய்வாள் பாவம்? வரப்போகிற விழாவை 'இனிதே நடைபெற்றது' என்று முன்கூட்டியே எழுதி அடித்து, கட்டுகளை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டி, விழா முடிந்த மறுநாள் வெளியே விடுவாள். இதில் ஒரு நாளும் சிக்கல் வந்ததில்லை. எல்லா விழாவும் ஒரே மாதிரிதானே நடந்து தொலைக்கிறது!

இந்த மாதம் ஸ்டோர் ரூம் காவலாளிக்கு நல்ல மனசு வந்துவிட்டது. திங்கட்கிழமை அக்கா அவசரப்படுவாளே என்று வெள்ளிக்கிழமையே பேப்பர் போடுகிறவர்களைக் கூப்பிட்டுக் கட்டுகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். பன்னிரண்டாயிரம் பிரதி. முழுப் பூசணிக்காயையாவது சோற்றில் மறைக்கப் பார்க்கலாம், இதை எங்கே மறைப்பது?

அவளுடைய கணவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாவகாசமாக வாசித்தார். 'ஞாயிறன்று பூங்கா நடைபாதை திறப்பு விழா இனிதே நடைபெற்றது. நகரின் மூத்த குடிமகனான தொண்ணூற்றாறு வயதுப் பெரியவர் ரிப்பன் வெட்டினார். முந்நூறுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் திரண்டனர். நீரூற்று வானளாவ எழுந்தது. ஆணையர் நடைபாதையை மூன்று முறை சுற்றிவந்து அனைவருக்கும் ஊக்கமளித்தார்.'

"பரவாயில்லையே. நாளைக்கு மழை வருமா வராதான்னும் போட்டிருந்தா, துணி துவைக்கறதுக்கு வசதியா இருந்திருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியிருந்தாள். செத்துப்போன முன்னாள் மேயருக்குப் பிறந்தநாள் வாழ்த்துப் போட்டதற்கு ஒன்று. புதிய மின்மயானம் மக்களின் பேராதரவைப் பெற்றுவருகிறது என்று எழுதியதற்கு இன்னொன்று. மூன்றாவது வந்தால் மடலையே இழுத்து மூடிவிட்டு அவளைக் கொசு ஒழிப்புப் பிரிவுக்கு அனுப்பிவிடுவதாக ஆணையர் சொல்லியிருந்தார். கொசுவுக்கு அவள் பயப்படவில்லை. மடல்தான் அவளுக்கு உயிர்.

ஆணையரின் போன் எட்டு மணிக்கு வந்தது. அவர் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் எழுதினது பொய் இல்ல சார். இன்னும் நடக்கல, அவ்வளவுதான். நாளைக்கு ஒரு வரி விடாம நடத்திக் காட்டறேன்."

"அதென்ன மூணு சுத்து? என் முழங்கால் இருக்கற லட்சணம் தெரியுமில்ல?"

"ஒரு சுத்துன்னு போட்டா உங்களுக்கு மரியாதையா இருக்காதேன்னுதான் சார்."

மரியாதை என்றதும் ஆணையரின் குரல் கொஞ்சம் இறங்கியது. ஒரு வரி பிசகினாலும் திங்கட்கிழமை கொசுதான் என்று சொல்லி வைத்துவிட்டார்.

முதல் வேலையாகப் பெரியவர் வீட்டுக்கு ஓடினாள். போன வாரமே வருவதாக ஒப்புக்கொண்டவர், இப்போது முடியாது என்றார். ஏனென்றால் அவர்தான் ஏற்கெனவே வெட்டிவிட்டாரே! பேப்பரிலேயே வந்துவிட்டதே! காலையிலிருந்து சொந்தக்காரர்கள் பத்துப் பேருக்குப் போன் போட்டு, கத்திரிக்கோல் மொண்ணையாக இருந்ததுவரை விவரமாகச் சொல்லியிருக்கிறார் என்று மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் வெட்டுவான்?" என்றார் பெரியவர்.

மடலக்கா ஒரு நிமிஷம் யோசித்தாள். நீங்கள் வெட்டியது முன்வாசல் ரிப்பன், பின்வாசல் ரிப்பன் இன்னும் பாக்கி இருக்கிறது என்றாள். அதை அன்றைக்கே சொல்வதற்கென்ன என்று அவளைத் திட்டிவிட்டு, பெரியவர் ஒப்புக்கொண்டார்.

அடுத்தது ஜனம். நடந்து முடிந்துவிட்டதாகப் பேப்பரில் படித்த விழாவுக்கு எவன் வருவான்? மைக் கட்டிய ஆட்டோவைத் தெருத்தெருவாக அனுப்பினாள். 'நாளை நடைபாதை திறப்பு விழா, திரண்டு வாரீர்' என்று அது அலறிக்கொண்டே போனது. போன வாரம் திறந்ததை எதற்கு மறுபடி திறக்கிறார்கள் என்று ஊர் யோசித்தது. ஊர் யோசித்தால் சும்மா இருக்குமா? முதலில் போட்ட நடைபாதை இடிந்து விழுந்துவிட்டதாம், கமுக்கமாகப் பூசி மெழுகிவிட்டார்களாம் என்று மத்தியானத்துக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. ஆபீஸ் போன் ஓயவில்லை.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் வாயாலேயேதான் மீள வேண்டும் என்று, சாயங்காலம் அதே ஆட்டோவைத் திரும்பவும் அனுப்பினாள். 'நடைபாதை இடிந்து விழவில்லை. பொதுமக்கள் பீதியடைய வேண்டாம்.' அதுவரை சமாதானமாக இருந்த நாலு தெருவும் அதைக் கேட்டுத்தான் பீதியடைந்தது.

நீரூற்று விஷயம் இன்னும் மோசம். அதன் மோட்டார் ரிப்பேருக்குப் போயிருந்தது. புதன்கிழமைதான் வரும் என்றார் குழாய் வேலை பார்க்கும் பிட்டர். புதன்கிழமை என்ற பேச்சே வேண்டாம், தண்ணி லாரியிலிருந்து குழாயை மாட்டுங்கள் என்றாள். லாரி பம்பின் வேகத்தை இந்தக் குழாய் தாங்காது, வானத்துக்குப் போய்விடும் என்று பிட்டர் எச்சரித்தார். வானத்துக்குத்தான் போக வேண்டும் என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கெல்லாம் பூங்காவில் நிற்க இடமில்லை. இடிந்து விழாத நடைபாதை எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்கக் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். சிலர் கம்பு கொண்டுவந்து தரையைத் தட்டிப் பார்த்தார்கள். முந்நூறு என்ன, ஐந்நூறு தேறும். மடலக்கா கையிலிருந்த மடலில் ஒரு டிக் அடித்தாள்.

பெரியவர் பின்வாசல் ரிப்பனை ஒரே வெட்டில் வெட்டி, போன தடவைக்கு இந்தக் கத்திரிக்கோல் தேவலை என்று பாராட்டினார். இன்னொரு டிக். பிட்டர் வால்வைத் திறந்தார். நீரூற்றின் தலை கழன்று பறந்தது. தண்ணீர் இரண்டு மாடி உயரத்துக்கு எழும்பி, அங்கே கொஞ்சம் யோசித்துவிட்டு, நேராக ஆணையர் மேல் இறங்கியது. ஜனம் கைதட்டியது. அவள் நனைந்த மடலில் நனைந்த பேனாவால் மூன்றாவது டிக் அடித்தாள்.

ஆணையர் சொட்டச்சொட்ட நடக்க ஆரம்பித்தார். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? முதல் சுற்று கோபத்திலேயே முடிந்துவிட்டது. இரண்டாவது சுற்றில் நொண்ட ஆரம்பித்தார். அதன் முடிவில் பெஞ்சைப் பார்த்ததும் உட்காரப் போனார். மடலக்கா பெஞ்சுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு சார். அச்சுல வந்துடுச்சு."

அவர் பார்த்த பார்வைக்கு வேறு யாராக இருந்தாலும் விலகியிருப்பார்கள். அவள் அசையவில்லை. மூன்றாவது சுற்றை அவர் எப்படி முடித்தார் என்பதை ஊக்கம் என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் அவர் படும் பாட்டைப் பார்த்துப் பத்துப் பதினைந்து பேர் கூடவே நடந்தார்கள். அவள் அதற்கும் டிக் அடித்துவிட்டாள்.

திங்கட்கிழமை ஆணையர் முழங்காலில் கட்டோடு அவளைக் கூப்பிட்டார். மடலை வரிவரியாகப் படித்தார். பிசகு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் கொசு ஒழிப்புக்கான மாற்றல் உத்தரவு மேஜைமேல் தயாராக இருந்தது. நடப்பதற்கு முன்னாலேயே எழுதியதை ஜனங்களில் ஒருத்தர் கண்டுபிடித்துப் புகார் கொடுத்தாலும் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்றார்.

அவர் வாய் மூடவில்லை, கதவு திறந்தது. பூங்காவுக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கும் அம்மா, கையில் மடலோடு உள்ளே வந்தாள். ஆணையர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"இது சனிக்கிழமையே எங்க கடைக்கு வந்துருச்சு. விழா ஞாயித்துக்கிழமைதான் நடந்துச்சு. நான் கண்ணால பாத்தேன்," என்றாள் அந்த அம்மா. "இதை எழுதினது யாரு?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? பதினோரு வருஷம் எழுதியதற்கு ஒரு தடவை நிமிர்ந்து நின்றே பதில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"நான்தாம்மா. நடக்கறதுக்கு முன்னாடியே எழுதிட்டேன்."

தையல்கார அம்மா ஆணையரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்து மடலக்காவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆறு வருஷமா இவங்ககிட்ட மனு குடுத்துக் குடுத்து என் செருப்பு தேஞ்சதுதான் மிச்சம்; நீங்க எழுதினா மறுநாளே நடந்துருது, அடுத்த மடல்ல எங்க தெருவுக்கு ரோடு போட்டாச்சுன்னு ஒரு வரி எழுதிடுங்க தாயி."