லேபிளில் போட்ட விலை

“ஏங்க, இது என்ன விலை?”

குளித்துவிட்டு வந்தவர் ஈரத் தலையோடு அப்படியே நின்றார். செருப்பு அடுக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த வீடியோ கேம் பெட்டி மனைவியின் கையில் இருந்தது.

“லேபிள்லயே போட்டிருக்கே, பாரு.”

பல்பொருள் அங்காடியில் விலை லேபிள் ஒட்டுவதுதான் அவர் வேலை. நாள் முழுக்கச் சோப்புக்கும் ஷாம்புக்கும் ஒட்டுகிற கைக்கு, இந்தப் பெட்டிக்குப் பத்தில் ஒரு பங்கு விலை போட்டு ஒட்டுவது பெரிய காரியமா? உண்மை விலை சம்பளத்தில் பாதி. சொன்னால் வீடு இரண்டாகிவிடும். ஆனால் அந்த விளையாட்டில் விமானம் ஓட்டலாம்! குனிந்து குனிந்து முதுகு ஒடிந்தவருக்கு மேகத்துக்கு மேலே ஒரு மணி நேரம் என்றால் சும்மாவா? என்ன கொடுத்தாலும் தகும் என்பது அவர் கட்சி. அதை மனைவியிடம் சொல்லத்தான் தைரியமில்லை.

“இவ்வளவு மலிவா! எங்க அண்ணனுக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாங்க.” லேபிளில் இருந்த தொகையைக் கையில் வைத்தாள்.

“ஸ்டாக் தீந்து போச்சும்மா.”

“அப்படியா? நானே போய்க் கேட்டுப் பாக்கறேன்.”

“ஐயோ, வேண்டாம்! வெயில்ல நீ எதுக்கு அலையணும்?”

சேமிப்பில் கைவைத்து முழு விலைக்கு வாங்கி, லேபிள் ஒட்டிக் கொண்டுவந்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். அண்ணனைப் பார்த்து அண்ணியின் தம்பி கேட்டானாம். அப்புறம் அக்கா வீட்டுக்காரர்.

“அந்த விளையாட்டு ஒண்ணும் அவ்வளவு நல்லா இல்லை” என்று சொல்லிப் பார்த்தார்.

“நல்லா இல்லாததுக்கா சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திரிக்க மாட்டேங்கறீங்க?”

அந்த இரண்டு பெட்டிகளையும் முழு விலைக்கே வாங்கிவந்தார். இதற்கிடையில் வீட்டுக்குப் புது வாஷிங் மெஷின் வந்தது. அண்ணன் பரிசாம். மச்சானுக்கு இவ்வளவு பெரிய மனசா என்று இவர் உருகிவிட்டார்.

“உங்க சட்டையை எல்லாம் இனிமே இதுலதான் போடப் போறேன். பையைக் காலி பண்ணிட்டுத்தான் போடுவேன், கவலைப்படாதீங்க” என்றாள்.

மறுநாள் பக்கத்து வீட்டு டீச்சருக்கும் ஒன்று வேண்டுமென்றாள். சேமிப்பு சுத்தமாகக் காலியாகியிருந்தது. வேறு வழியில்லை. தன் பெட்டியைப் பாதி விலைக்காவது விற்றுவிட வேண்டியதுதான். பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கப் போகிறவர்போல அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாங்கிய கடைக்கே போனார். உண்மையாகவே கண் கலங்கியது.

கல்லாவில் இருந்த பெண் பெட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“என்ன சார், இதையுமா? பிரிக்காத மூணு பெட்டியையும் உங்க வீட்டம்மா பில்லோட திருப்பிக் குடுத்து முழுப் பணமும் வாங்கிட்டுப் போனாங்க. இது ஒண்ணு மட்டும் நீங்க ஆசையா விளையாடறது, இருந்துட்டுப் போகட்டும்னாங்களே!”