பீரோவுக்கு வந்த ஆர்டர்

பீரோ விற்றுப்போய்விட்டது என்று கைப்பேசி காட்டியதும் செருப்புக்கடை கேஷியர் துள்ளி எழுந்தார்.

இணைய வணிகச் சான்றிதழ் தேர்வுக்கு முன்பு, ஏதாவது ஒரு பொருளை ஆன்லைன் சந்தையில் போட்டுப் பழகச் சொல்லியிருந்தார்கள். மனிதர் வீட்டுப் பீரோவைப் படமெடுத்து, துரு தெரியாமல் படத்தை மெருகேற்றி, அடிமாட்டு விலை போட்டுவிட்டார். யார் வாங்கித் தொலைக்கப்போகிறார்கள் என்ற அசட்டுத் தைரியம்தான். அது மனைவிக்கு அவள் அம்மா கொடுத்த பீரோ. அது போனால் வீட்டில் பூகம்பம். தேர்வு போனாலோ வேலையே காலி. "சான்றிதழ் இல்லாதவருக்கு இனிமே கல்லால எடமில்ல" என்று செருப்புக்கடை முதலாளி தீர்த்துச் சொல்லிவிட்டார்.

உடனே ரத்து செய்யப் போனார். 'ரத்து செய்தால் உங்கள் பயிற்சிக் கணக்கு முடக்கப்படும். தேர்வு எழுத முடியாது' என்றது திரை.

அலறியடித்துப் பயிற்சி மையத்துக்குப் போன் போட்டார்.

"வாங்கினவங்களே வேணாம்னு சொன்னா பிரச்சினையில்ல சார்" என்றாள் அங்கிருந்த பெண்.

வாங்கியவர் யார், எங்கே இருக்கிறார் என்று சந்தைக்காரர்கள் காட்டமாட்டார்கள். செய்தி மட்டும் அனுப்பலாம். அனுப்பினார்.

'பீரோ துருப்பிடித்தது. கதவு மூடாது.'

'பரவாயில்ல. எங்க வீட்டு பீரோவும் அப்படித்தான்.'

'உள்ளே கரப்பான்பூச்சி குடும்பம் நடத்துகிறது.'

'இங்கயும் உண்டு. சம்பந்தம் பண்ணிக்கட்டும்.'

'அனுப்ப ஒரு மாதம் ஆகும்.'

'அவ்ளோ நாள் தாங்காது. நானே வண்டிக்கூலி கட்டிட்டேன். இன்னிக்கே வருது.'

கேஷியர் கைப்பேசியை முறைத்தார். இது மனுஷ ஜென்மமா, பூர்வஜென்மத்துப் பகையா?

"ஏங்க, இப்படி வேர்க்குது உங்களுக்கு?" சமையலறையிலிருந்து மனைவி கைப்பேசியும் கையுமாக எட்டிப் பார்த்தாள்.

"பரீட்சை பயம்."

"புத்தகத்தையெல்லாம் கட்டில்ல பரப்பிட்டு, தூக்கமும் இல்லாம படிச்சா வேர்க்காதா? இருங்க, அதையெல்லாம் அடுக்கி வைக்க ஒரு வழி பண்ணிட்டேன்."

அவள் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. வாசலில் வண்டி வந்து நின்றுவிட்டது. ஓடிப்போய்க் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"பீரோ எடுக்கணும் சார்" என்றார் லோடுமேன்.

"மெதுவாப்பா! அவ காதுல விழுந்தா நான் தொலைஞ்சேன்!"

பின்னாலேயே கொலுசு ஓடி வந்தது. கேஷியர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"வந்துட்டீங்களா? உள்ள கொண்டு வாங்க! கட்டிலுக்குப் பக்கத்துல எறக்கிடுங்க!" என்றாள் மனைவி.

லோடுமேன் கைப்பேசியைப் பார்த்தார், இருவரையும் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"எடுக்கற விலாசமும் இதுதான், எறக்கற விலாசமும் இதுதான். ஏம்மா, பீரோவத் தூக்கி ஒரு சுத்து சுத்திட்டு அங்கயே வெச்சுடட்டுமா?"