மச்சினனும் பிரோஜா மோதிரமும்

மச்சினன் மணி எங்கள் வீட்டுக்குள் காலை வைக்கக் கூடாது என்று தீர்மானித்துவிட்டேன். மாட்டுங்காவில் எங்களுக்கு இருப்பது ஒன்றரை ரூம். அதில் அரை ரூம்தான் என்னுடையது. யுத்த காலத்தில் பம்பாயில் வேலை கொட்டிக் கிடக்கிறது என்று பாலக்காட்டிலிருந்து கிளம்பிவிட்டான். எங்கே படுப்பான்? ஆனால், என் மனைவி விசாலத்திடம் 'உன் தம்பி வேண்டாம்' என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. அதனால் ஒரு கல்லை விட்டுச் சொல்ல வைப்பதென்று முடிவு செய்தேன்.

ஆபீஸ் வாசலில் கல் விற்கும் ஜமால் பாயிடம் ஒரு பிரோஜா மோதிரம் வாங்கினேன். வான நீலக் கல்; எங்கள் துரை பாஷையில் டர்க்காய்ஸ்.

"போட்டிருக்கிறவருக்கு ஆபத்து வந்தால் நீலம் பச்சையாகும் என்பார்கள், சாப். எண்ணெய் பட்டாலும் பச்சையாகும். ஜாக்கிரதை" என்றார்.

முதல் பாதியை மட்டும் வீட்டில் சொன்னேன்.

"என் தலைக்கு ஒரு ரோஜா வாங்கத் தெரியலை. தன் விரலுக்குப் பிரோஜாவாக்கும்!" என்றாள் விசாலம்.

மணி வருவதற்கு முன், கல்லை இறுக்கத் தட்டானிடம் கொடுத்திருப்பதாகச் சொல்லிவிட்டு மோதிரத்தைத் தேங்காயெண்ணெயில் ஊறப்போட்டேன். வேப்பிலைப் பச்சையாகிவிட்டது. துடைத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

மணி பெட்டியோடு வந்து நின்றான். நான் கையைத் தூக்கிக்கொண்டு அலறினேன்.

"விசாலம்! கல்லைப் பார்! இவன் வாசப்படியை மிதிச்சதும் பச்சையாயிடுத்து!"

மணி மிதித்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். விசாலம் என் கையைப் பிடித்தாள். திருப்பினாள். கண்ணருகே கொண்டுபோனாள். அப்புறம் மூக்கருகே.

"ஏன்னா, கை ஏன் வழவழன்னு இருக்கு?"

"பயத்திலே வேர்த்துடுத்து."

"வேர்வை தேங்காயெண்ணெய் வாசனை அடிக்கிறதே?"

"தலையிலே தடவிண்டேன்."

என் தலையைப் பார்த்தாள். தடவிக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை. திடீரென்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஐயையோ! ஆபத்து யாருக்குன்னு சொன்னேள்? மோதிரம் போட்டுண்டிருக்கிறவாளுக்குத்தானே?"

"ஆமாம், அதனாலேதான் மணி..."

"அப்போ இந்த ஆத்திலே உங்களுக்குன்னா ஆபத்து! ஒரு நிமிஷம் இருக்கப்படாது. கல்யாண்லே உங்க அண்ணா இருக்காரே, கல்லு நீலமாகற வரைக்கும் அங்கே இருங்கோ. மணி, அத்திம்பேருக்கு ஒரு ஜமக்காளம் சுத்திக் குடு!"

"ஆபத்துக்கெல்லாம் நான் பயப்படறவன் இல்லை, விசாலம்!"

"நான் பயப்படறேனே! எனக்குத் தாலி முக்கியம்."

ஜமக்காளத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கல்யாணுக்குக் கிளம்பினேன்.

மறுநாள் காலை, கல்யாணிலிருந்து வரும் ரயிலில் வாசல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போனேன். மாட்டுங்காவில் வண்டி நின்றது. பிளாட்பாரத்தில் மணி, நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு ஓடிவந்தான்.

"அத்திம்பேர், உங்க ரெண்டு தலகாணியிலே எது மெத்துனு இருக்கும்னு அக்கா கேட்டுண்டு வரச் சொன்னா."