மாப்பிள்ளையோடு ஒரு ரவுண்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று நடந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டதில்லை, இனிமேலும் கேட்பதாக இல்லை. எங்கள் வீட்டில் இந்தக் கதையை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். அக்கா சொல்வதில் நான் ஆள் கடத்துபவள். சம்பந்தியம்மா சொல்வதில் பேய் பிடித்தவள். அப்பா சொல்லவே மாட்டார், தலையில் அடித்துக்கொள்வார். வண்டி ஓட்டியவள் நான், எனவே நானே சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவுக்கே ஒரு கார்தான், அது எங்களுடையது. அப்போது ரோட்டில் பெரும்பாலும் இரண்டு வகைக் கார்கள். ஒன்று குண்டு, இன்னொன்று சதுரம். எங்களுடையது சதுரம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா ஓட்டுவதை நிறுத்திவிட்டதால் வண்டி என் கைக்கு வந்தது. எனக்கு இருபத்து மூன்று வயது, தாம்பரத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. என்னோடு வேலை பார்த்த பெண்கள் சம்பளத்தில் தோடு வாங்கினார்கள். நான் கார்புரேட்டர் வாங்கினேன். (என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா இதை மறைத்துவிட்டாள். நகக்கண்ணில் கிரீஸோடு நான் காபி கொண்டுபோய்க் கொடுத்ததில் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் காபியைக் குடிக்கவில்லை.)

இதற்கெல்லாம் கூட்டாளி, குரோம்பேட்டையில் ஷெட் வைத்திருந்த பாபு அண்ணன். சோழவரத்தில் ரேஸ் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து மனுஷனுக்குச் சாதாரணக் கார்களைக் கண்டாலே எரிச்சல்.

"இன்னாமா இது, காரா? உக்காந்தா தூக்கம் வருது. இது கட்டிலுமா, கட்டிலு."

"என்னண்ணா பண்ணலாம்?"

"நீ கம்முனு இரு. பறக்க வுட்டுடலாம்."

முதலில் இஞ்சின். உள்ளே வால்வுகளைத் திறந்து மூடும் தண்டை எடுத்துவிட்டு ரேஸ் வண்டித் தண்டைப் போட்டோம். பெரிய கார்புரேட்டர் வைத்தோம். சைலன்சருக்குள் இருந்ததை எல்லாம் பிடுங்கிப் போட்டோம். இவ்வளவு வேகத்துக்குப் பழைய டயர் தாங்காது என்று அகல டயர் போட்டோம். அப்புறம்தான் ஒரு நாள், காமராஜபுரம் முனையில் இளநீர்க் கடைக்குள் பாதி நுழைந்தபோது, பிரேக் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வந்தது. ஊரில் புத்தியுள்ளவர்கள் பிரேக்கில் ஆரம்பித்து இஞ்சினில் முடிப்பார்கள். நாங்கள் தலைகீழ். உடனே பெரிய டிரம் போட்டு, சர்வோவும் மாட்டினோம். இஞ்சின் காற்றை உறிஞ்சும் பலத்தை வாங்கி, மிதிக்கிற காலுக்கு உதவி செய்யும் டப்பா அது.

"ஓடுறது பெருசில்ல. நிக்கணும்," என்று அப்பா தினமும் சொல்வார். அவர் சொன்னதற்காகவே ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பள்ளிக்கரணை ரோட்டில் கொண்டுபோய் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எவ்வளவு வேகத்தில் போனாலும் நின்றது. மெதுவாக ஓட்டிப் பார்க்கத்தான் எனக்கும் தோன்றவில்லை, பாபு அண்ணனுக்கும் தோன்றவில்லை.

அப்படி இருக்கும்போது ரேவதி அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சுந்தரமூர்த்தி, பாங்கில் வேலை. தண்ணீர் குடிப்பதற்குக்கூட யாரிடமாவது அனுமதி கேட்பது போல் சுற்றிப் பார்க்கும் மனிதர். மாப்பிள்ளை அழைப்புக்குச் சொல்லி வைத்திருந்த திறந்த கார், அதே முகூர்த்தத்தில் வேறொரு கல்யாணத்துக்குப் போய்விட்டது. அப்பா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நம்ம வண்டியிலதான் கூட்டிட்டு வரணும். கோயில்லேருந்து மண்டபம் வரைக்கும் நல்லபடியா வந்து மாப்பிள்ளை இறங்கிட்டா, வண்டி உன்னுது. ஏதாவது ஏடாகூடம் ஆச்சு, மறுநாளே புரோக்கர்கிட்ட தள்ளிடுவேன்."

"சரிப்பா," என்றேன். எனக்கு அந்த வண்டி வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

பெண் ஓட்டினால் சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்களோ என்று அப்பா ஒரு டிரைவரை வரவழைத்தார். அவர் சாவியைத் திருப்பியதும் சேலையூர்ப் பிள்ளையார் கோயில் வாசலில் இருந்த புறாக்கள் மொத்தமும் கிளம்பின. கிளட்சை விட்டார், வண்டி ஒரு குதி குதித்து நின்றது. இறங்கிவிட்டார்.

"யம்மா, இது காரு இல்லமா. இன்னாவோ கீது உள்ள. நீயே ஓட்டிக்க."

ஆக, சாயங்காலம் ஆறரை மணிக்கு, பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் உட்கார்ந்தேன். பின்சீட்டில் மாலையோடு மாப்பிள்ளை. என் பக்கத்தில் அவருடைய தாய்மாமன், சீட் முழுக்க. முன்னால் நாதஸ்வரம், தவில், தலையில் கேஸ் லைட் தூக்கியவர்கள், பளிச்சென்று ஒரு விளக்கோடு வீடியோக்காரர். ஊர்வலம் கிளம்பியது.

நாதஸ்வரக்காரர் எவ்வளவு வேகத்தில் நடப்பார் என்று யாராவது யோசித்திருக்கிறீர்களா? நடக்கவே மாட்டார். ஒரு அடி வைப்பார், நின்று ஒரு பிருகா போடுவார், தவில்காரர் தலையாட்டுவார், மறுபடி அரை அடி. ரேஸ் தண்டு போட்ட இஞ்சினுக்கு அந்த வேகமே தெரியாது. விக்கியது, குலுங்கியது. அகல டயர் திரும்ப மறுத்தது. கிளட்ச் கருகி நாற்றம் கிளம்பியது. போதாததற்கு, இஞ்சின் இப்படித் திணறும்போது சர்வோவுக்கு உறிஞ்சும் பலமே கிடைக்காதாம். பிரேக் பெடல் கல்லாகிவிட்டது. இரண்டு காலாலும் ஏறி மிதித்தும், வண்டி தவில்காரரின் பின்பக்கத்தை மெல்ல ஒரு தட்டுத் தட்டியது.

"பாத்து வாம்மா! தோலு கிழிஞ்சிடும்!" என்றார். தவிலைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா என்று கேட்கவில்லை.

அடுத்து சைலன்சர் வெடித்தது. டமால்! நாதஸ்வரம் ஒரு சுரத்தை விழுங்கியது. பெண் வீட்டார் அதிர்வேட்டுக்கு ஏற்பாடு செய்திருப்பதாக நினைத்து மாப்பிள்ளை வீட்டார் கை தட்டினார்கள். மூன்றாவது வெடியில் கைதட்டல் நின்றது. இஞ்சினும் நின்றது.

"பொம்பளை கையில குடுத்தா இப்பிடித்தான்!" என்று தாய்மாமன் கதவைத் திறந்து இறங்கினார், என்னைக் கூட்டத்துக்கு நடுவில் திட்டுவதற்காக. அந்த நேரம் பார்த்து பாபு அண்ணன் கூட்டத்துக்குள்ளிருந்து கத்தினார்.

"பிளக்குல கரி அடைச்சிக்கிச்சுமா! இப்பிடியே வுட்டா ஸ்டார்ட்டே ஆவாது! வேகமா ஒரு இழு இழுத்துட்டு வா, கரி எரிஞ்சிடும்! ஒரே ரவுண்டு!"

சாவியைத் திருப்பினேன். எப்படியோ பற்றிக்கொண்டது. தாய்மாமன் சொன்ன வார்த்தை காதில் கிடந்து எரிந்தது. வண்டியை அப்படியே திருப்பி, மேடவாக்கம் பக்கம் விட்டேன்.

மாப்பிள்ளை உள்ளே இருப்பது ராஜகீழ்ப்பாக்கத்தில்தான் ஞாபகம் வந்தது.

"எங்க... எங்க போறோம்?"

"பிளக் க்ளியர் ஆகணும் மாமா. கெட்டியா பிடிச்சுக்குங்க."

மேடவாக்கம் தாண்டியதும் இஞ்சின் தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தது. ஐயோ, அந்தச் சத்தம்! இன்றைக்கு நினைத்தாலும் சிலிர்க்கிறது. இரண்டு பக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பு, மங்கலான வெளிச்சம், மாலையிலிருந்து ரோஜா இதழ்கள் ஜன்னல் வழியாகப் பறக்கின்றன. அப்போதுதான் நடு ரோட்டில் எருமைகள். மிதித்தேன். கல்லாக இருந்த பெடல் வெண்ணெயாக இறங்கியது. வண்டி நேர்கோட்டில், ஒரு இம்மி விலகாமல் நின்றது. முன்னால் நின்ற எருமை எங்களைப் பார்த்துவிட்டு மெதுவாகப் போனது.

போச்சு, மாப்பிள்ளை மயங்கிவிட்டார் என்று திரும்பினேன். கண் விரிய உட்கார்ந்திருந்தார்.

"திரும்பிப் போறப்பவும் இதே மாதிரிதான் போவீங்களா?"

"பயமா இருந்தா மெதுவா போறேன் மாமா."

"வேணாம். இதே மாதிரி போங்க."

இதற்கிடையில் சேலையூரில் கல்யாணமே ஆட்டம் கண்டிருந்தது. மாப்பிள்ளை கொழுந்தியாளோடு ஓடிவிட்டார் என்று தாய்மாமனே கிளப்பிவிட்டிருக்கிறார். சம்பந்தியம்மா நடு ரோட்டில் உட்கார்ந்து, "எம்புள்ளைய எங்க கொண்டு போனா!" என்று கதறல். அம்மா மண்டபத்துக்கு ஓடி, பாதி ஜடை தைத்த நிலையில் இருந்த அக்காவிடம் அழுதாளாம். அக்கா கண்ணாடியைப் பார்த்தபடியே, "வண்டிய சரி பண்ணப் போயிருப்பாம்மா. வண்டில ஏறிட்டா அவளுக்கு ஆம்பளையே கண்ணுல படமாட்டான்," என்றாளாம். என் மேல் அன்று நம்பிக்கை வைத்த ஒரே ஆள் அவள்தான், கொஞ்சம் பயந்திருந்தாலும்.

நாங்கள் திரும்பி வந்தபோது நடு ரோட்டில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அப்பா. மறுபடி மிதித்தேன். பம்பர் அவருடைய வேட்டியைத் தொடப்போகும் இடத்தில் வண்டி நின்றது. இஞ்சினும் அதோடு உயிரை விட்டது.

மண்டபம் வரை இரண்டு வீட்டு ஆண்களும் சேர்ந்து தள்ளினார்கள். நாரில் நாலே பூ ஒட்டியிருந்த மாலையும் கலைந்த தலையுமாக மாப்பிள்ளை இறங்கினார். நல்லபடியாக இறங்கினாரா, ஏடாகூடமா என்பதில் எனக்கும் அப்பாவுக்கும் இன்றுவரை வழக்கு தீரவில்லை.

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் அப்பா கைகளைப் பிசைந்துகொண்டு மாப்பிள்ளை முன் நின்றார். "நேத்து நடந்ததுக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க மாப்பிள்ளை. எதுவா இருந்தாலும் செஞ்சுடறேன்."

சுந்தரமூர்த்தி மாமா சுற்றிப் பார்க்கவில்லை. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. "அந்தக் காரை மட்டும் வித்துடாதீங்க மாமா," என்றார்.

விற்கவில்லை.

அந்த வீடியோக்காரர், நாதஸ்வரம் நிற்கவில்லை என்பதால், தானும் நிறுத்தாமல் எடுத்திருக்கிறார். காசெட்டில் "மாப்பிள்ளை அழைப்பு" என்று பூப்போட்ட எழுத்து வரும். அதற்குப் பிறகு, வண்டி போன பக்கம் நெடுநேரம் காலி ரோடுதான். அந்தக் காலி ரோட்டைச் சுற்றி அவர் ஒரு இதய வடிவம் வேறு போட்டிருப்பார். காசெட் சிடியாகி, சிடி பென் டிரைவ் ஆகியும் அதை யாரும் வெட்ட விடவில்லை. ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் குடும்பமே உட்கார்ந்து பார்ப்போம். புதிதாக வந்த மருமகனோ மருமகளோ, "மாப்பிள்ளை எங்கே?" என்று கேட்கும் வரை காத்திருந்து, "ரவுண்டு போயிருக்காரு!" என்று மொத்தக் கூட்டமும் கத்தும். சம்பந்தியம்மாதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்துவார்.

அத்தோடு எல்லோரும் சாப்பிட எழுந்து போய்விடுவார்கள். நான் போக மாட்டேன், மாமாவும் போக மாட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் ரோட்டின் கடைசியில் இரண்டு வெளிச்சம் தெரியும், பெரிதாகும், அப்பா கையைத் தூக்குவார். அந்த இடத்தில் மாமா ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்துவார். பம்பருக்கும் வேட்டிக்கும் நடுவே ஒரு விரற்கடை. சமையலறைப் பக்கம் திரும்பி, எண்பது வயது அப்பாவின் காதில் விழும்படி நான் கேட்பேன்:

"நின்னுச்சா இல்லையாப்பா?"