ஜெயரூபன் சிவப்புக்கு இணங்கிய வரலாறு

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரைகளிலும் இதுவரை மனிதர்கள் செய்த விட்டுக்கொடுப்புகளையெல்லாம் ஒரு தட்டில் போட்டு, நாவற்குடா ஜெயரூபன் தன் தம்பியின் நிறத்துக்கு இணங்கியதை மறுதட்டில் வைத்தால், வாவித் தட்டு மேலே எழும்பிவிடும். நிறுத்துப் பார்த்தவர் ஜெயரூபன்தான். தராசும் அவருடையது.

அவர் ஒரு திணைக்களத்தில் திட்டமிடல் உத்தியோகத்தர். ஐம்பது வயது. கூட்டம் வைக்காமல் எந்தக் காரியத்தையும் தொட்டுப் பழக்கமில்லாதவர். வீட்டுக் கிணற்று மோட்டர் பழுதானபோது, மனைவி சுகந்தினி அடுத்த வளவில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருக்க, அவர் முற்றத்தில் கதிரை போட்டு 'மோட்டர் தொடர்பான முதலாவது மீளாய்வை' நடத்தி முடித்தார். இரண்டாவது மீளாய்வுக்கு முன்னர் சுகந்தினி மோட்டர்காரனைக் கூப்பிட்டுத் திருத்திவிட்டாள். நடைமுறையை மதிக்காதவள்.

இணங்கியது எதற்கு என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு விளையாட்டுக் காரின் மேற்கூட்டுக்கு.

எண்பத்தொன்பதாம் ஆண்டு, கப்பலில் வேலை செய்த மாமா யப்பானில் வாங்கி வந்த கார் அது. முழங்கை நீளம். ரிமோட்டால் ஓடுவது. அதன் கூடு கண்ணாடி போலத் தெளிந்த மெல்லிய பிளாஸ்ரிக். நிறம் பூசும் பொறுப்பைக் கம்பனி வாங்குபவரிடமே விட்டிருந்தது. அந்தக் கம்பனியில் இருந்தவர்களுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லைப் போலும்.

பதினொரு வயதுத் தம்பி தவரூபன் பெட்டியைத் திறந்த கையோடு சொன்னான்: "சிவப்பு."

பதினான்கு வயது ஜெயரூபன் சொன்னார்: "நீலம்."

"அண்ணன், சிவப்பெண்டாத்தான் வேகமாப் போகும்."

"கலரா ஓடப்போகுது? மோட்டர்தான்டா ஓடும். நீலம். இல்லாட்டி ஒண்டும் இல்ல."

ஒன்றும் இல்லை என்பதே நிறைவேறியது. தலைமைத்துவப் பண்பு அந்த வயதிலேயே அவரிடம் முளைத்திருந்ததற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

அடுத்த வருடம் சண்டை மறுபடி தொடங்கியது. பற்றறி வைத்திருப்பதே வில்லங்கமான காலம். கம்பி நீட்டிய ரிமோட் ஒன்று வீட்டில் கிடந்தால், சுற்றிவளைப்புக்கு வருகிற ஆமிக்காரனுக்கு, அது குண்டு வெடிக்கவைக்கிற சாமான் இல்லையென்று எந்தப் பாஷையில் விளங்கப்படுத்துவது? அம்மா ரிமோட்டையும் மோட்டரையும் சில்லுகளையும் சீலைத் துண்டில் சுற்றி, மீன் கழிவு கொட்டப் போகிறவளைப் போல வாவிக்குக் கொண்டுபோனாள். வெறுங்கையோடு திரும்பினாள். கூட்டை மட்டும் விட்டுவைத்தாள். அது ஏதோ கண்ணாடிச் சட்டி என்று நினைத்திருந்தாள்.

இப்படியாக ஓடாத காருக்கு, பூசாத நிறத்தைப் பற்றிய பிணக்கு அலுமாரிக்கு மேல் ஏறிக் குந்திக்கொண்டது. தம்பி வளர்ந்தான். ரேடியோ திருத்தும் கடை போட்டான். வதனியைக் கலியாணம் செய்து நாவலடியில் கடலோரமாக வீடும் கட்டினான். இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு ஐப்பசியில், கொழும்புக்குப் போய்வந்தவன் ஒரு சிவப்பு ஸ்ப்ரே பெயின்ற் பேணியோடு நேரே அண்ணனிடம் வந்தான்.

"அண்ணன், இப்பவெண்டாலும் அடிப்பமா? எனக்குப் புள்ளையும் பிறக்கப் போகுது."

"பாப்பம்டா. மார்கழில நத்தார் லீவு வரட்டும், ஆறுதலா இருந்து கதைப்பம்."

நத்தார் லீவு வந்தது. அதற்கு மறுநாள் கடலும் வந்தது. ஆறு மாதக் கர்ப்பிணியான வதனி சித்தாண்டியில் தாய் வீட்டில் நின்றாள். தவரூபன் நாவலடியில் நின்றான்.

இந்த இடத்தில் வரலாறு சுருக்கமாகவே இருக்கிறது. நீட்டி எழுதுவதற்கு அன்று கூட்டம் எதுவும் நடக்கவில்லை.

இருபது வருடம் கழித்து, தகப்பனைக் கண்டிராத கம்சாயினி ஒருநாள் கம்பஸில் பாடம் முடிந்து வரும் வழியில் பெரியப்பா வீட்டுக்கு வந்தாள்.

"பெரியப்பா, வாற மாசம் எனக்கு இருபது."

"தெரியும் மகள். என்ன வேணும்?"

"அப்பாட கார்க் கூடு இஞ்ச கிடக்காம். அம்மா சொன்னவ. எனக்குத் தருவயளா? அவருக்குப் புடிச்ச கலர் அடிச்சு."

ஜெயரூபன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ன கலரெண்டு அம்மா சொன்னவவா?"

"சிவப்பு."

"உறுதியாச் சொன்னவவா?"

"அப்பாட சாமான் எண்டு எங்களிட்ட ஒண்டுமில்ல பெரியப்பா. ஒரு படம்தான். அதுவும் தண்ணி பட்டது. அந்தக் கலரெண்டாலும் கிடக்கட்டுமே."

அந்தக் கணத்தில்தான் ஜெயரூபன் இணங்கினார். நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அது பெருந்தன்மை என்று அவர் உடனே அடையாளம் கண்டு, புதிய கோவை ஒன்றைத் திறந்து முதலாவது பக்கத்தில் எழுதிவைத்தார்.

பின்னர் ஆய்வு நடந்தது. பழைய ரிமோட் கார்களுக்கென்றே இணையத்தில் ஓர் உலகம் இருப்பதை அவர் கண்டுபிடித்தார். தாடி வைத்த பெரிய மனிதர்கள் பல நாடுகளிலும் இருந்துகொண்டு, ஓர் அங்குல ஆணியின் நிறத்தைப் பற்றி நூறு கடிதம் எழுதும் உலகம். கூட்டின் படத்தை அங்கே போட்டார். பதில்கள் குவிந்தன. நிறம் படாத அந்தக் கூடு உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியதுதானாம். 'இதற்குப் பெயின்ற் அடிப்பவன் கையை வெட்ட வேண்டும்' என்று ஒரு சேகரிப்பாளர் அன்போடு ஆலோசனை சொன்னார். ஜெயரூபன் அதை அச்செடுத்துக் கோவையில் சேர்த்தார். தியாகத்துக்கு எழுத்து மூலமான சான்று ஒன்று தேவைப்பட்டது.

அடுத்த ஞாயிறு விறாந்தையில் 'நிறப்பூச்சு ஆலோசனைக் குழு' கூடியது. தலைவர் ஜெயரூபன். செயலாளரும் அவரே. தொழில்நுட்ப அங்கத்தவர் காத்தான்குடி மஜீட். முப்பது வருடமாக ஓட்டோவுக்குப் பெயின்ற் அடிப்பவர். சுகந்தினி பார்வையாளர்.

மஜீட் கூட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "என்ன சேர் இது, கேக் மூடுற மூடி மாதிரிக் கிடக்கு?"

"கவனம், கவனம்! விரல் படக்கூடா. எண்ணெய் ஒட்டும்."

"நான் கை கழுவித்தான் வந்தன்."

"குழுவின்ட தீர்மானம் கையுறை."

மஜீட் சுகந்தினியைப் பார்த்தார். சுகந்தினி வானத்தைப் பார்த்தாள். மஜீட் கையுறை போட்டுக்கொண்டார்.

ஜெயரூபன் எழுந்து நின்று விளக்கினார். இந்தக் கூட்டுக்கு வெளியால் பெயின்ற் அடிப்பதில்லை, உள்ளால்தான் அடிப்பது. பிளாஸ்ரிக் தெளிவானதால் நிறம் வெளியே தெரியும்; உரஞ்சினாலும் போகாது. பெட்டிக்குள் இருந்த தாளில் எல்லாம் யப்பான் எழுத்து. ஆனாலும் கூட்டைக் கவிழ்த்துப் பிடித்து உள்ளே விசிறுகிற படம் ஒன்று அதில் இருந்தது. அந்தப் படத்தை 'மொழிபெயர்க்க' அவருக்கு இரண்டு கிழமை சென்றது.

"அடுத்த விடயம் நிறம்" என்றார். "தம்பிட சிவப்புத்தான். நான் விட்டுக்குடுக்கிறன். ஆனா எந்தச் சுவருக்கும், எந்தத் தோணிக்கும், எந்த ஓட்டோவுக்கும் முதல்ல அடிப்பூச்சு ஒண்டு வேணும். சரிதானே மஜீட்?"

"ஓட்டோவுக்கெண்டா ஓம் சேர். ஆனா இதுக்கு..."

"கேள்வி கடைசில. நிகழ்ச்சி நிரல்ல ஏழாவது. அந்த அடிப்பூச்சு நீலமா இருக்கட்டும். என்ட நீலம். அத்திவாரத்தை ஆரும் பாக்கிறல்ல. வீட்டத்தான் பாக்கிற. நான் ஒருத்தருக்கும் தெரியாம அடியில கிடந்து, தம்பிட சிவப்பைத் தாங்கிப் புடிக்கிறன்."

சொல்லி முடித்தபோது அவருக்கே கண் கலங்கியது. இப்படி ஒரு வசனம் தன் வாயிலிருந்து வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. முதல்நாளே எழுதி மூன்று தடவை திருத்தியிருந்தாலும்.

"சேர், ஒரு சின்ன விசயம்..."

"ஏழாவது, மஜீட்."

ஆறாவது விடயம் முடியச் சுகந்தினி றோல்ஸும் தேத்தண்ணியும் கொண்டுவந்தாள். ஏழாவது விடயம் நேரமின்மை காரணமாக ஒத்திவைக்கப்பட்டது. றோல்ஸ் ஒத்திவைக்கப்படவில்லை.

பெயின்ற் அடிக்கத் தான் வரட்டுமா என்று மஜீட் கேட்டார். "இது குடும்ப விடயம்" என்று ஜெயரூபன் கண்ணியமாக மறுத்தார்.

அடுத்த பத்து நாளும் வீட்டில் சத்திரசிகிச்சைக் கூடத்தின் அமைதி நிலவியது. பாத்திரம் கழுவும் சவர்க்காரம் போட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரில், குளிக்கவார்க்கும் குழந்தையைப் போல அவர் கூட்டைக் கழுவினார். கழுவியதைத் தும்பு ஒட்டாத துணியால் ஒற்றினார். வாவிக் காற்றின் ஈரம் படக்கூடாதென்று அறைக் கதவைச் சாத்தி, சுகந்தினியின் தலைமயிர் உலர்த்தியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் நின்றார். ஜன்னல்கள் வரும் இடங்களில் உள்ளே ரேப் ஒட்டி, விளிம்பைச் சவர அலகால் வெட்டினார். வெளிப்பக்கத்தில் பெயின்ற் தூசி படாமலிருக்க, பத்திரிகைத் தாளால் முழுவதையும் சுற்றி மூடினார்.

"சாப்பிட வாறயளா, இல்லையா?" என்று சுகந்தினி கதவுக்கு வெளியே நின்று கேட்டாள்.

"மூச்சு விடாத. தூசி எழும்பும்."

"நான் வெளியால நிண்டெல்லோ மூச்சு விடுறன்!"

பிறகு பூச்சு. வளைகிற பிளாஸ்ரிக்குக்கென்றே செய்த பெயின்ற். இணையத்தில் சொல்லி எடுப்பித்தது. முதலில் நீலம், பனி படிவது போல இரண்டு தரம். காய்ந்தபின் சிவப்பு, மூன்று தரம். கவிழ்ந்து கிடந்த கூட்டின் உட்பக்கத்தில் தன் நீலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்புக்குள் மறைவதை அவர் நின்று பார்த்தார். கடைசி நீலப் பொட்டும் மறைந்தபோது, "பாத்தியாடா தவா" என்று வாய்விட்டுச் சொன்னார். இருபது வருடத்தில் தம்பியோடு அவர் பேசிய முதல் பேச்சு. அதிலும் தன்னைப் பற்றித்தான் பேசினார்.

பிறந்தநாள் அன்று பின்னேரம் எல்லோரும் வந்தார்கள். வதனி சித்தாண்டியிலிருந்து வட்டிலப்பம் கொண்டுவந்தாள். கம்சாயினி புதுச் சட்டையோடு வந்தாள். மஜீட் தொழில்நுட்ப அங்கத்தவர் என்ற முறையில் சமூகமளித்தார். பத்திரிகைத் தாள் சுற்றியபடியே கூடு நடுமேசையில் இருந்தது. ஜெயரூபன் 'விட்டுக்கொடுப்பும் சகோதரத்துவமும்' என்ற பொருளில் பத்து நிமிடம் பேசினார். வதனி தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்ப நீயே திற மகள்" என்றார்.

கம்சாயினி தாளை மெதுவாக உரித்தாள். உள்ளேயிருந்து ரேப்களையும் கழற்றினாள். கூட்டை நிமிர்த்தி மேசையில் வைத்தாள்.

நீலம்.

எந்தக் குற்றமும் சொல்ல முடியாத, கண்ணாடி போல் மினுங்குகிற, ஆழமான நீலம். ஒரு திட்டு இல்லை, ஒரு தூசி இல்லை. பதினான்கு வயதில் ஜெயரூபன் மனக்கண்ணில் கண்ட அதே கார்.

சுகந்தினி, "கடவுளே" என்றாள்.

"எப்படி?" என்றார் ஜெயரூபன். "நான் கடைசியா அடிச்சது சிவப்பு. மூண்டு தரம்!"

மஜீட் தொண்டையைச் செருமினார். "சேர், உள்ளால அடிக்கிற சாமானுக்கு முதல் அடிக்கிறதுதான் முகம். பிறகு என்ன அடிச்சாலும் அது முதுகுப் பக்கம். வெளியால நிண்டு பாக்கிறவனுக்கு முதலாவதுதான் தெரியும். அண்டைக்கு அதச் சொல்லத்தான் வாயெடுத்தன். கடைசில கேக்கச் சொன்னயள்."

"கடைசில சொல்லியிருக்கலாமே!"

"கடைசில றோல்ஸ் வந்திட்டு."

"கழட்டேலாதா?"

"கழட்டுற மருந்து போட்டா இந்தப் பழைய பிளாஸ்ரிக் வெடிச்சிரும் சேர். வேற ஒண்டு எடுக்கேலாதா?"

உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியது என்ற தாள் கோவையில் பதினேழாம் பக்கத்தில் இருந்தது. ஜெயரூபன் அதை எடுத்துக் காட்டவில்லை. வாழ்நாளில் முதன்முறையாக ஆவணம் கையில் இருந்தும் பேசாமல் இருந்தார். பிறகு அதுவும் முடியவில்லை.

"மகள், பெரியப்பா சிவப்புத்தான் அடிச்சன். அறிக்கையிலயும் கிடக்கு. நீலத்த விடச் சிவப்பு ஒரு தரம் கூட. நான் அடியிலதான் இருக்க நினைச்சன். உண்மையாத்தான்..."

கம்சாயினி குனிந்து, காரின் சின்ன ஜன்னலில் கண்ணை வைத்து உள்ளே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"ஓம் பெரியப்பா" என்றாள். "அப்பாட சிவப்பு உள்ளுக்குக் கிடக்கு. எட்டிப் பாத்தாத் தெரியுது."

ஜெயரூபன் கதிரையில் இருந்துவிட்டார். கோவை மடியிலிருந்து சரிந்து விழுந்தது. அவர் எடுக்கவில்லை. வதனி எழுந்து வந்து காரைக் கையில் வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கையுறை போடும்படி ஒருவரும் சொல்லவில்லை. பிறகு, அழுகிற பிள்ளையைத் தேற்றுகிற குரலில் சொன்னாள்:

"வருத்தப்படாதீங்க அத்தான். நீங்க பிழையா ஒண்டும் செய்யல்ல. அவர் உங்களுக்குப் பக்கத்தில உசிரோட நிண்டிருந்தாலும் இப்பிடித்தான் வந்திருக்கும்."